மூன்று சிலிண்டர் ஸ்விஃப்டில் பெரிய எஞ்சின்: 1.3 போதுமா, 1.6க்குப் போகலாமா?

மூணுசிலிண்டர் (கேள்வி)

வணக்கம். வண்டி 90களின் தொடக்கத்து சுசுகி ஸ்விஃப்ட். ஜியோ மெட்ரோ என்ற பெயரிலும் விற்ற அதே பாடி. உள்ளே இருப்பது ஜி10: 993 சிசி, மூன்று சிலிண்டர், த்ராட்டில் பாடியில் ஒற்றை இன்ஜெக்டர், 5 கியர் மேனுவல். பாடியில் துரு இல்லை, கீழ் ஆர்ம் பிடிக்கும் இடங்கள் உறுதியாக இருக்கின்றன. எஞ்சின் மட்டும் ஓவர்ஹாலுக்கு வந்துவிட்டது. அதற்குச் செலவு செய்வதற்குப் பதில் பெரிய எஞ்சினாக மாற்றிவிடலாம் என்று யோசனை.

கையில் இரண்டு வழி இருக்கிறது.

1. ஜி13பிபி, 1298 சிசி, 16 வால்வ், சிங்கிள் கேம். குறுக்கே எஞ்சின் வைத்த முன்சக்கர வண்டியிலிருந்து. வயரிங், இசியு (எஞ்சினை இயக்கும் கணினிப் பெட்டி) எல்லாம் சேர்ந்து வரும்.

2. ஜி16பி, 1590 சிசி. விட்டாராவிலிருந்து கழற்றியது, அதாவது நீளவாக்கில் இருந்த எஞ்சின். வெறும் எஞ்சின் மட்டும், வயரிங் கிடையாது. விலை குறைவு.

இருக்கிற கியர்பாக்ஸ் இரண்டுக்கும் பொருந்துமா? மவுண்ட், ஆக்ஸில், ரேடியேட்டர், பிரேக் இவற்றில் எதை மாற்றியே ஆக வேண்டும், எதை விட்டுவிடலாம்? வெல்டிங் வசதி, எஞ்சின் தூக்கும் செயின் பிளாக், மல்டிமீட்டர், கம்ப்ரஷன் கேஜ் இருக்கின்றன. தினசரி ஓட்டத்துக்குத்தான், ரேஸுக்கு அல்ல.

---

ஸ்பேனர்பெட்டி

தினசரி ஓட்டம் என்றால் முதல் வழி. விலை குறைவு என்று விட்டாரா எஞ்சினை எடுத்தால் மிச்சம் பிடித்ததெல்லாம் மவுண்ட் செய்வதிலும் மேனிஃபோல்ட் திருப்புவதிலும் போய்விடும்.

காரணத்தை அளவிலிருந்தே பார்க்கலாம். ஜி10 போர் 74 மிமீ, ஸ்ட்ரோக் 77. ஜி13பிபி போர் அதே 74, ஸ்ட்ரோக் 75.5. அதாவது சிலிண்டர் ஒன்று கூடுகிறதே தவிர எஞ்சின் உயரத்தில் பெரிய வித்தியாசம் வராது, பானெட் இடிக்காது. ஜி16பி 75 × 90. ஸ்ட்ரோக் கூடியதால் பிளாக்கும் உயரம். தாழ்ந்த பானெட் உள்ள வண்டியில் அந்த உயரத்துக்கு இடம் தேட, எஞ்சினை இறக்கிவைப்பார்கள். இறக்கினால் ஆக்ஸில் கோணம் கெடும், சம்ப் (எஞ்சின் அடியில் உள்ள ஆயில் தொட்டி) தரையை நெருங்கும். போதாததற்கு விட்டாராவில் எஞ்சின் நீளவாக்கு என்பதால் சம்ப் வடிவம், மவுண்ட் காது, இன்டேக் வாய் திரும்பும் திசை, தண்ணீர்க் குழாய் எல்லாமே வேறு.

இன்னொன்று முக்கியம். இதே பாடியில் 1.3 எஞ்சினைக் கம்பெனியே போட்டு விற்றது. வலப்பக்க மவுண்ட் பிராக்கெட், ரேடியேட்டர், முன் சைலன்சர் பைப் எல்லாம் கம்பெனி பாகமாகவே இருக்கின்றன. அதனால் எஞ்சினை மட்டும் வாங்காதீர்கள், முடிந்தால் 1.3 வண்டியையே முழுசாக வாங்குங்கள். அந்த 1.3 வண்டியின் மிச்சத்தைத் தள்ளிவிடுமுன் அதிலிருந்து இவற்றை எடுத்துக்கொள்ளுங்கள்: எஞ்சின் வயரிங் ஒரு கிளிப்கூட வெட்டாமல், இசியு, எல்லா ரிலேயும் அவற்றின் சாக்கெட்டோடு, மூன்று மவுண்டும் பிராக்கெட்டோடு, ஃப்ளைவீல், கிளட்ச், செல்ஃப் மோட்டார், கியர்பாக்ஸ், இரண்டு ஆக்ஸில், ரேடியேட்டர் ஃபேனோடு, முன் பிரேக் முழு செட், முன் ஸ்பிரிங், ஏர் ஃபில்டர் பெட்டி, ஆக்ஸிலரேட்டர் கேபிள், டேங்க்கில் இருக்கும் பம்ப், ஃபியூயல் பைப். பல்லைக் கடித்துக்கொண்டு எல்லாவற்றையும் எடுத்துவையுங்கள். பின்னால் ஒற்றை பிராக்கெட்டுக்காக ஒரு மாதம் வேலை நிற்கும்.

கியர்பாக்ஸ் கேள்விக்கு: ஜி10க்கும் ஜி13க்கும் பெல் ஹவுசிங் (கியர்பாக்ஸ் எஞ்சினோடு சேரும் முகம்) போல்ட் அமைப்பு ஒன்றுதான், உங்கள் கியர்பாக்ஸ் ஏறும். ஆனால் ஏறுவது வேறு, ஏற்றது வேறு. அதைக் கியர் விஷயம் தெரிந்தவர்கள் சொல்லட்டும். ஃப்ளைவீல் எஞ்சினோடு வந்ததையே வையுங்கள். கிளட்ச் பிளேட்டின் விட்டம் ஃப்ளைவீலைப் பொறுத்தது, நடுவில் இருக்கும் ஸ்ப்ளைன் கியர்பாக்ஸ் ஷாஃப்ட்டைப் பொறுத்தது. இரண்டும் வெவ்வேறு வண்டியிலிருந்து வந்தால் பிளேட்டைக் கையால் ஷாஃப்ட்டில் ஏற்றி, தடையில்லாமல் வழுக்குகிறதா என்று பார்த்துவிட்டு மூடுங்கள். ரிங் கியர் பல்லும் செல்ஃப் மோட்டார் பல்லும் ஒரே வண்டியிலிருந்து வந்ததாக இருக்க வேண்டும். இல்லையென்றால் சில வாரத்தில் ரிங் கியரை அரைத்துவிடும்.

முதலில் கம்ப்ரஷன் பாருங்கள். ஜி13க்குப் புது எஞ்சின் அளவு சுமார் 14 பார், 12க்குக் கீழே போகக் கூடாது, சிலிண்டருக்கு சிலிண்டர் வித்தியாசம் 1 பாரைத் தாண்டக் கூடாது. கழற்றும் முன் த்ராட்டிலை முழுக்கத் திறந்து, நாலு பிளக்கும் கழற்றி, நல்ல பேட்டரியில் பார்த்த அளவுதான் கணக்கு. தேறினால், எஞ்சின் வெளியே இருக்கும்போதே டைமிங் பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப், கிராங்க் முன் பின் ஆயில் சீல், கேம் சீல் புதிதாகப் போடுங்கள். வண்டிக்குள் போனபின் இந்தச் சீலுக்காகத் திரும்ப எஞ்சினை இறக்குவதைப் போலக் கடுப்பு வேறில்லை. பெல்ட் மாற்றும்போது கிராங்க் பல்சக்கரத்தின் சாவியையும் அதன் பள்ளத்தையும் பாருங்கள். புல்லி போல்ட் தளர்ந்து ஓடிய எஞ்சினில் பள்ளம் அகன்றிருக்கும். அதோடு மூடினால் டைமிங் நிலையாக நிற்காது. இஜிஆர் (எக்ஸாஸ்ட் வாயுவில் கொஞ்சத்தை இன்டேக்குக்குத் திருப்பும் அமைப்பு) வழியைக் கரி போகச் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள். அது அடைத்தால் எரியறைச் சூடு ஏறி எக்ஸாஸ்ட் வால்வ் கருகும்.

ஏற்றும் முறை: கியர்பாக்ஸ் இருக்கும் இடம் மாறக் கூடாது. ஆக்ஸில், கியர் ராடு, கிளட்ச் கேபிள் மூன்றும் அதை நம்பித்தான் இருக்கின்றன. நாலாவது சிலிண்டரின் நீளம் முழுக்க டைமிங் பெல்ட் பக்கம்தான் வளரும், எனவே மாறுவது வலப்பக்க மவுண்ட் மட்டும். எஞ்சினையும் கியர்பாக்ஸையும் கீழேயே சேர்த்து, மேலிருந்து சாய்த்து இறக்குங்கள். கியர்பாக்ஸ் பக்க மவுண்ட், பின் மவுண்ட், கடைசியாக வலப்பக்கம் என்ற வரிசையில் எல்லா போல்ட்டையும் விரல் இறுக்கத்தில் விட்டு, வண்டியை ஒரு முறை ஆட்டி, எஞ்சின் தானாக அமர்ந்த பிறகு இறுக்குங்கள். இறுக்கிய மவுண்ட்டை நெம்பி இழுத்துப் போல்ட் மாட்டினால் ஸ்டீயரிங் வரை அதிரும்.

பிராக்கெட் கிடைக்காமல் நீங்களே செய்வதானால் 6 மிமீ தகடு. எஞ்சின் தொங்கும்போது பொட்டு வெல்டு மட்டும் வைத்து, கழற்றி வெளியே வைத்து முழு வெல்டு அடியுங்கள். வண்டியில் வெல்டு அடிக்கும் கட்டாயம் வந்தால் பேட்டரி, ஆல்டர்னேட்டர், இசியு மூன்றின் கனெக்‌ஷனையும் முதலில் கழற்றிவிடுங்கள்.

---

எர்த்வயர்

மேலே சொன்னதில் எல்லாமே கண்ணுக்குத் தெரிகிற வேலை. ஆறு மாதம் ஷெட்டிலேயே நிற்கிற வண்டிகள் நிற்பது வயரிங்கில்.

ஒற்றை இன்ஜெக்டர் இசியுவை வைத்துக்கொண்டு நாலு இன்ஜெக்டர் எஞ்சினை ஓட்ட முடியாது. எஞ்சின், இசியு, வயரிங், டிஸ்ட்ரிப்யூட்டர், மேப் சென்சார் (இன்டேக் அழுத்தத்தை அளப்பது) ஐந்தும் ஒரே வண்டியில் இருந்து வந்த குடும்பமாக இருக்க வேண்டும். ஒரே எஞ்சின் எண் என்றாலும் வருஷத்துக்கு வருஷம் கனெக்டரின் பின் இடம் மாறும். கையில் இருக்கும் இசியு எண்ணுக்கு உரிய வயரிங் படத்தை வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள். நிறத்தைப் பார்த்து ஊகித்து இணைக்கிற பழக்கம் இங்கே ஆகாது.

எஞ்சின் பக்க வயரிங்கை அப்படியே விட்டுவிட்டால், வண்டியின் வயரிங்கோடு சேர வேண்டியவை பத்துக்குள்தான்: எப்போதும் 12 வோல்ட் (இசியு நினைவுக்கு), சாவி போட்டால் 12 வோல்ட், செல்ஃப் சுற்றும்போது மட்டும் வரும் சிக்னல், ஃபியூயல் பம்ப் ரிலே, செக் எஞ்சின் விளக்கு, டேக்கோமீட்டர், வேக சென்சார், ரேடியேட்டர் ஃபேன், ஏசி இருந்தால் அதன் ஐடில் உயர்த்தும் சிக்னல். டெம்பரேச்சர் முள்ளுக்கான சென்சாரும் இசியுவுக்கான சென்சாரும் தனித்தனி. உங்கள் மீட்டரோடு பழகிய பழைய சென்சாரையே புது எஞ்சினில் முள்ளுக்கு மாட்டுங்கள், திருகு அளவு ஒத்தால்.

அதில் மூன்று இடத்தில் எல்லோரும் தடுக்குவார்கள்.

ஒன்று, சாவி லைன். சாவியை "ஆன்" நிலையில் வைத்தால் 12 வோல்ட் காட்டும் சில வயர்கள், செல்ஃப் அடிக்கும் நொடியில் செத்துவிடும். ரேடியோ, ஹீட்டர் ஃபேன் லைன் அப்படித்தான். இசியுவுக்கு அதைக் கொடுத்தால் செல்ஃப் நன்றாகச் சுற்றும், எஞ்சின் பிடிக்காது, சாவியை விடும் கணத்தில் ஒரு முறை உதறும். உதறல் வந்தால் வேறெங்கும் தேட வேண்டாம், இதுதான். மல்டிமீட்டரைப் பிடித்துக்கொண்டு ஒருவர் செல்ஃப் அடிக்க, அப்போதும் 9.5 வோல்ட்டுக்கு மேல் நிற்கிற லைனைத் தேர்ந்தெடுங்கள்.

இரண்டு, எர்த். பேட்டரி மைனஸிலிருந்து பாடிக்கு ஒன்று, பேட்டரி மைனஸிலிருந்து கியர்பாக்ஸ் போல்ட்டுக்குத் தடித்த ஒன்று, எஞ்சினிலிருந்து பாடிக்குப் பட்டை வயர் ஒன்று, இசியு எர்த் இன்டேக் மேனிஃபோல்டிலோ ஹெட்டிலோ அதற்கென்று இருக்கும் போல்ட்டில் ஒன்று. கடைசியாகச் சொன்னதைப் பாடியில் எங்காவது கடித்துவைத்தால் ஃபேன் ஓடும் போதெல்லாம் சென்சார் அளவுகள் ஆடும். சோதனை எளிது: மீட்டரின் ஒரு முனை பேட்டரி மைனஸ் முளையில், மறுமுனை எஞ்சின் பிளாக்கில். செல்ஃப் சுற்றும்போது 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பலவீனம். பெயிண்ட்டைச் சுரண்டி வெள்ளி மாதிரி உலோகம் தெரிந்தபின் முறுக்குங்கள்.

மூன்று, வேக சென்சார். அந்தக் காலத்து ஸ்விஃப்டில் ஸ்பீடோமீட்டர் கேபிளில் ஓடுவது. இசியுவுக்கான வேக சிக்னல் மீட்டருக்குள் இருக்கும் சின்ன ரீட் சுவிட்சிலிருந்து வரும். அந்த ஒற்றை வயரை விட்டுவிட்டால் வண்டி ஓடும். ஆனால் சிக்னலில் கிளட்ச் மிதித்து உருளும்போது ஐடில் சரிந்து அணையும், ஏனென்றால் வண்டி நகர்கிறதா நிற்கிறதா என்று இசியுவுக்குத் தெரியாது. ஐடில் வால்வை மாற்றி, த்ராட்டிலைக் கழுவி, ஆளாளுக்கு ஒன்றைச் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

இணைப்புகளை சோல்டர் அடித்து ஹீட் ஷ்ரிங்க் போடுங்கள், அல்லது சரியான கிரிம்ப் கருவியால் நசுக்குங்கள். முறுக்கி டேப் சுற்றியது எஞ்சின் சூட்டில் ஆறு மாதம் தாங்காது. ஃபேனுக்கும் பம்புக்கும் தனி ரிலே, தனி ஃப்யூஸ். இசியுவின் பம்ப் லைனை ரிலே சுருளுக்கு மட்டும் கொடுங்கள், பம்பின் ஆம்பியர் அதன் வழியே போகக் கூடாது.

---

கியர்நாலு

ஏறுவது வேறு, ஏற்றது வேறு என்று ஸ்பேனர்பெட்டி விட்ட இடத்திலிருந்து தொடங்குகிறேன்.

மூன்று சிலிண்டருக்கு உள்ள கியர்பாக்ஸில் ஃபைனல் டிரைவ் (கியர்பாக்ஸின் கடைசிப் பல்சக்கர விகிதம்) குட்டையாக, அதாவது விகித எண் பெரியதாக, இருப்பதற்குக் காரணம் எஞ்சினில் இழுவை கிடையாது. ஜி10 சுமார் 79 நியூட்டன் மீட்டர். ஜி13பிபி சுமார் 102, அதாவது கிட்டத்தட்ட 30 சதம் கூட. அதே கியரில் அதைப் பூட்டினால் முதல் கியர் உருப்படியில்லாமல் போகும். பாதத்தை வைத்தவுடன் தீர்ந்துவிடும். நெடுஞ்சாலையில் எஞ்சின் வீணாகக் கத்தும்.

உங்கள் வண்டிக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். டயர் 155/80 ஆர்13 என்றால் விட்டம் 578 மிமீ, ஒரு சுற்றுக்கு 1.82 மீட்டர் அளவு. 100 கிமீ வேகத்தில் சக்கரம் நிமிடத்துக்கு 918 சுற்று. ஐந்தாம் கியர் 0.83, ஃபைனல் 4.4 என்று வைத்துக்கொண்டால் எஞ்சின் 3350 ஆர்பிஎம். ஃபைனல் 3.8 ஆனால் 2900. மைலேஜ், சத்தம், ஆயில் சூடு எல்லாம் அந்த 450 சுற்றில் இருக்கிறது. கியர்பாக்ஸைத் திறக்காமல் உங்கள் விகிதத்தை அறிய: முன் சக்கரம் இரண்டையும் தூக்கி, ஐந்தாம் கியரில் போட்டு, கிராங்க் புல்லியில் சாக்பீஸ் குறி வைத்து, ஒரு சக்கரத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு மறு சக்கரத்தைக் கையால் சரியாக இரண்டு சுற்று சுற்றுங்கள். புல்லி எத்தனை சுற்று சுற்றியதோ அதுதான் ஐந்தாம் கியரின் மொத்த விகிதம். பிளக்குகளைக் கழற்றிவிட்டுச் செய்யுங்கள், இல்லையென்றால் கை வலிக்கும்.

எனவே 1.3 எஞ்சினோடு 1.3 கியர்பாக்ஸ். பழைய பாக்ஸைத்தான் வைக்கப் போகிறீர்கள் என்றால் உடையப் போவது எது என்றும் தெரிந்துகொள்ளுங்கள்: நேர் சாலையில் முழு ஆக்ஸிலரேட்டர் மிதிப்பதால் அது உடைவது குறைவு. மேடுபள்ளத்தில் ஒரு சக்கரம் வழுக்கிச் சுற்றி, திடீரென்று பிடி கிடைக்கும் அந்த அடியில் டிஃப்ரென்ஷியலின் சின்னப் பற்கள் போகும்.

ஆக்ஸில் நீளத்தைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள். இரண்டு பக்கமும் மாட்டி, வண்டி தன் எடையில் நிற்கும்போது உள் ஜாயின்ட் அதன் பயண தூரத்தின் நடுவில் இருக்க வேண்டும். பிறகு சஸ்பென்ஷனை முழுக்கத் தொங்கவிட்டும், முழுக்க அமுக்கியும், ஸ்டீயரிங்கை இரு பக்கமும் திருப்பியும் பாருங்கள். எந்த நிலையிலும் இரு முனையிலும் ஒரு சென்டிமீட்டர் மிச்சம் வேண்டும். மிச்சமில்லாமல் முட்டுகிற ஆக்ஸில் கியர்பாக்ஸ் பேரிங்கை அடித்துத் தள்ளும். மறுபக்கம், குட்டையான ஆக்ஸில் பள்ளத்தில் தானாகவே கழன்று விழும்.

பிரேக்கில் எனக்குச் சமரசம் கிடையாது. 100க்கும் 120க்கும் வித்தியாசம் 20 கிமீ என்று தோன்றும். நிறுத்த வேண்டிய சக்தி 44 சதம் கூடுகிறது. 1.3 வண்டியின் முன் டிஸ்க், காலிப்பர், நக்கிள் (சக்கரத்தைத் தாங்கும் வார்ப்பு) அப்படியே எடுத்து மாட்டுங்கள். காலிப்பர் பிஸ்டன் பெரியதானால் மாஸ்டர் சிலிண்டரையும் அதே வண்டியிலிருந்து எடுங்கள். இல்லையென்றால் பெடல் கீழே போய்ப் பிடிக்கும். பின் பிரேக்குக்குப் போகும் அழுத்தத்தைக் குறைக்கும் வால்வும் அந்த செட்டில் சேர்ந்தது. இந்த வேலையை எஞ்சின் வேலைக்கு முன்னாலேயே முடித்து, பழைய எஞ்சினில் ஓட்டிச் சோதித்துவிடுங்கள். எஞ்சின் உறுமத் தொடங்கிய பிறகு பிரேக்குக்கு யாரும் பொறுமையாக உட்கார்ந்ததில்லை.

ஒரு விஷயத்தில் ஸ்பேனர்பெட்டியோடு ஒத்துப்போக முடியவில்லை. 1.6 என்றாலே வேண்டாம் என்பது அதிகம். ஜி16பி சுமார் 127 நியூட்டன் மீட்டர், அதுவும் கீழ்ச் சுற்றிலேயே. நாலு பேரோடு மேடு ஏறுகிறவருக்கு 1.3ஐ விட அது சுகம். விட்டாரா எஞ்சின் வேண்டாம், சரி. 90களின் பலேனோவில் குறுக்கே வைத்த ஜி16பி கிடைத்தால், அதுவும் அதன் கியர்பாக்ஸோடு கிடைத்தால், யோசிக்கலாம்.

---

ஸ்பேனர்பெட்டி

பலேனோ எஞ்சின் என்றால் பாதி ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வாங்கும் முன் ஒரு சோதனை: பழைய எஞ்சின் மேல் களிமண் உருண்டைகளை ஆங்காங்கே வைத்துப் பானெட்டை மெதுவாக மூடித் திறங்கள். எவ்வளவு நசுங்கியதோ அதிலிருந்து இடம் எவ்வளவு என்று தெரியும். எஞ்சின் ஆடுவதற்கே எல்லாப் பக்கமும் 25 மிமீ வேண்டும். களிமண் அதற்கு மேல் மிச்சம் காட்டி, அந்த மிச்சம் பிளாக்கின் கூடுதல் உயரத்துக்கும் போதுமானால் மட்டும் 1.6. இல்லாவிட்டால் பானெட்டை வெட்டி மேடு கட்டுகிற வேலை, அது இந்தக் கேள்வியில் இல்லை.

---

மூணுசிலிண்டர்

நன்றி. 1.3 என்று முடிவு. கியர்பாக்ஸ், பிரேக் செட் எல்லாம் சேர்த்து எடுத்துக்கொள்கிறேன். இன்னும் மூன்று சந்தேகம்.

டேங்க்கில் இருக்கும் பழைய பம்ப் போதுமா? அதுவும் இன்ஜெக்‌ஷன் பம்ப்தானே. ரேடியேட்டர் ஓட்டை இல்லாமல் நன்றாக இருக்கிறது, ஒரு வரிசைக் குழாய்தான், அதை வைத்தே ஓட்டலாமா? பிறகு, டேக்கோமீட்டர் மூன்று சிலிண்டருக்கானது. அது என்ன காட்டும்?

---

எர்த்வயர்

டேக்கோவை முதலில் முடித்துவிடலாம். நாலு ஸ்ட்ரோக் மூன்று சிலிண்டர் எஞ்சின் ஒரு சுற்றுக்கு 1.5 தீப்பொறி தரும், நாலு சிலிண்டர் 2 தரும். எனவே உங்கள் முள் மூன்றில் ஒரு பங்கு கூட்டிக் காட்டும்: நிஜம் 3000 என்றால் 4000. 1.3 வண்டியின் மீட்டர் போர்டை முழுசாக மாற்றுங்கள், அல்லது முள்ளில் பார்ப்பதை முக்கால் என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஐடில் சரிசெய்யும்போது மட்டும் இந்த முள்ளை நம்பாதீர்கள்.

---

கூலண்ட்

பம்ப் போதாது. ஒற்றை இன்ஜெக்டர் அமைப்பின் அழுத்தம் குறைவு. நாலு இன்ஜெக்டர் ரயிலுக்கு 2.5 முதல் 3 பார் வேண்டும். பழைய பம்பில் எஞ்சின் ஸ்டார்ட் ஆகும், ஐடிலில் அழகாகக்கூட நிற்கும். மூன்றாம் கியரில் முழுக்க மிதிக்கும்போது அழுத்தம் சரிந்து, கலவை மெலிந்து, பிஸ்டன் தலை சூடேறும். ஐடில் நன்றாக இருக்கிறதே என்று ஏமாற வேண்டாம்.

அளவு கணக்கு: 80 குதிரை சக்தி எஞ்சின் முழு மிதியில் மணிக்கு 28 லிட்டர் அளவு குடிக்கும். 3 பாரில் மணிக்கு 60 லிட்டர் தருகிற பம்ப் தாராளம். சோதிக்க, ரிட்டர்ன் ஹோஸைக் கழற்றி அளவு ஜாடியில் விட்டு, பம்பை நேரடியாக 30 நொடி ஓட்டுங்கள். அரை லிட்டர் வந்தால் தேர்ச்சி. எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும், பக்கத்தில் தீயணைப்பான் இருக்க வேண்டும், பம்புக்கு மின்சாரம் கொடுக்கும் இணைப்பு ஜாடியிலிருந்து தள்ளி இருக்க வேண்டும். அந்த இணைப்பில் வரும் பொறி ஒன்றே போதும்.

ஹோஸ் எல்லாம் இன்ஜெக்‌ஷன் அழுத்தத்துக்கு உரியது, கிளாம்ப்பும் ரப்பரைக் கடிக்காத வகை. வெறும் பெட்ரோல் ஹோஸும் திருகுக் கிளாம்ப்பும் ஒரு கோடைகூடத் தாங்காமல் வியர்க்கும். ஃபில்டர் புதிது.

இதைப் படிக்கிற கார்புரேட்டர் வண்டிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: உங்கள் டேங்க்கில் பம்பைச் சுற்றித் தடுப்புச் சுவர் இருக்காது. கால் டேங்க்குக்குக் கீழே வளைவில் பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கி, பம்ப் காற்றை உறிஞ்சும். இன்ஜெக்‌ஷன் வண்டியின் டேங்க்கையே மாட்டுவதுதான் தீர்வு.

ரேடியேட்டரும் மாற வேண்டும். இந்தக் குடும்பத்து எஞ்சின்கள் பிளாக்கும் ஹெட்டும் அலுமினியம். ஒரு முறை நன்றாகக் கொதித்தால் ஹெட் வளையும், கேஸ்கெட் போகும். சின்ன ரேடியேட்டர் நகரத்தில் ஃபேனின் தயவில் சமாளிக்கும். நெடுஞ்சாலையில் நீண்ட மேட்டில் முள் மெல்ல ஏறிக்கொண்டே போகும், அப்போது ஃபேன் ஓடினாலும் பயனில்லை. முன்பக்கம் காற்று ஏற்கெனவே வேகமாக வருகிறது, குறைவது பரப்பு. இப்படி வேகத்தில் ஏறி நகரத்தில் இறங்கினால் ரேடியேட்டர் சிறியது. நகரத்தில் ஏறி வேகத்தில் இறங்கினால் ஃபேனில் கோளாறு. ஃபேன் வயரை மாற்றிக் கொடுத்தால் காற்றை முன்னால் தள்ளும். ஒரு தாளை ரேடியேட்டர் முன் பிடித்துப் பாருங்கள், ஒட்டிக்கொள்ள வேண்டும்.

தண்ணீர் நிரப்பும்போது முன்பக்கத்தை ஜாக்கியில் உயர்த்தி, ஹீட்டர் குமிழை முழுச் சூட்டில் வைத்து, மெதுவாக ஊற்றுங்கள். கூலண்டும் காய்ச்சி வடித்த நீரும் பாதிப் பாதி. தெர்மோஸ்டாட் திறந்து மேல் ஹோஸ் சூடாகி, ஹீட்டரிலும் சூடான காற்று வந்த பிறகுதான் உள்ளே காற்றுக் குமிழி இல்லை என்று அர்த்தம். சூட்டில் மூடியைத் திறக்காதீர்கள். ஆறவிட்டு அளவு பார்த்து ஊற்றுங்கள்.

முதல் ஸ்டார்ட்: ஆயில் ஊற்றி, டிஸ்ட்ரிப்யூட்டர் கனெக்டரையும் இன்ஜெக்டர் கனெக்டரையும் கழற்றி, பிளக் இல்லாமல் பத்து நொடி, விட்டுவிட்டு, ஆயில் விளக்கு அணையும் வரை செல்ஃப் அடியுங்கள். கியர்பாக்ஸில் ஆயில் ஊற்றினீர்களா என்று ஒரு முறை பாருங்கள், ஆக்ஸில் கழற்றிய வழியே எல்லாம் வடிந்திருக்கும். பிறகு எல்லாவற்றையும் மாட்டி ஸ்டார்ட். ஐடில் 1000க்கும் 2000க்கும் இடையே ஊஞ்சல் ஆடினால் எங்கோ காற்று உள்ளே போகிறது: மேப் சென்சார் ஹோஸ், பிரேக் பூஸ்டர் ஹோஸ், மேனிஃபோல்ட் கேஸ்கெட் இந்த வரிசையில் தேடுங்கள். டைமிங் லைட் பிடிக்கும் முன் டயக்னோஸ் டெர்மினலில் ஜம்பர் போட வேண்டும். போடாவிட்டால் இசியு தன் இஷ்டத்துக்கு முன்பின் நகர்த்திக்கொண்டிருக்கும், நீங்கள் டிஸ்ட்ரிப்யூட்டரைத் திருப்பித் திருப்பி ஓய்ந்துபோவீர்கள்.

---

மூணுசிலிண்டர்

தெளிவாகிவிட்டது. எஞ்சின் எண் மாறுவதற்குப் பதிவு அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்க வேண்டுமா, முடித்துவிட்டுக் காட்டலாமா?

---

கியர்நாலு

முன்கூட்டியே, எழுத்தில். சில இடங்களில் அதே வகை, அதே சிசி எஞ்சின் மட்டுமே அனுமதி; சிசி மாறினால் முடியாது என்பார்கள். முடித்துவிட்டுப் போய் அதைக் கேட்டால் எல்லாவற்றையும் கழற்ற வேண்டியதுதான். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் சொல்லுங்கள். எஞ்சின் வாங்கிய ரசீதில் அதன் எண் இருக்கட்டும். புகைச் சோதனைக்கு எந்த எஞ்சினின் அளவைப் பார்ப்பார்கள் என்றும் அப்போதே கேட்டுவிடுங்கள், கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் வேலை அதைப் பொறுத்தது.

---

ஸ்பேனர்பெட்டி

அனுமதி வந்தபின் ஒரு சின்ன வேலை, எஞ்சினைக் கழற்றும் முன்பே: முன் சக்கர நடுவிலிருந்து ஃபெண்டர் வளைவு வரை இரு பக்கமும் அளந்து எழுதிவையுங்கள், டேங்க் எவ்வளவு நிரம்பியிருந்தது என்பதையும் சேர்த்து. புது எஞ்சின் ஏறியபின் அதே டேங்க் அளவில் மறுபடி அளந்தால் 10 மிமீக்கு மேல் இறங்கியிருக்கிறதா தெரியும். இறங்கியிருந்தால் 1.3 வண்டியின் முன் ஸ்பிரிங் போடுங்கள். ஸ்பிரிங் மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் வீல் அலைன்மென்ட் பார்த்தாக வேண்டும், உயரம் மாறினால் டோ (முன் சக்கரங்கள் உள்ளோ வெளியோ திரும்பி நிற்கும் அளவு) மாறும், இரண்டாயிரம் கிலோமீட்டரில் டயரின் உள் ஓரம் தேய்ந்துவிடும். முன் சைலன்சர் பைப்பில் வளையும் துண்டு ஒன்று கட்டாயம் இருக்கட்டும்; குறுக்கு எஞ்சின் முன்பின் ஆடும், விறைப்பான பைப் மேனிஃபோல்டில் விரிசல் விடும். 500 கிமீ ஓடியதும் எஞ்சின் ஆறியிருக்கும்போது மவுண்ட் போல்ட், ஆக்ஸில் நட், கியர்பாக்ஸ் போல்ட், எக்ஸாஸ்ட் நட் நாலையும் டார்க் ரெஞ்சால் மறுபடி பாருங்கள். எக்ஸாஸ்ட் நட் ஒன்றாவது தளர்ந்திருக்கும்.